ஸ்லைடை வாசித்துக் காட்டுகிறவர்களுக்கு

திரையில் இருப்பதை ஒரு வரி விடாமல் வாசிக்கிறார்களே, அதுவும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அது ஏன்? எங்களுக்கும் படிக்கத் தெரியும். வாய்விட்டு வாசிப்பதைவிடக் கண்ணால் படிப்பது வேகம். அவர் இரண்டாவது வரியில் இருக்கும்போதே நாங்கள் கடைசி வரியை முடித்துவிட்டுக் கைபேசியை எடுத்திருப்போம். அப்புறம் யாரும் கவனிக்கவில்லை என்று வருத்தம் வேறு.

எழுத்தாவது பெரிதாக இருக்கிறதா? முழு எக்செல் அட்டவணையையும் ஒட்டிவிட்டு, “பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, மன்னிக்கவும்” என்பார். தெரியாது என்று தெரிந்தே ஏன் ஐயா போட்டீர்கள்? 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயின்ட் அளவில் எழுத்து என்று அமெரிக்க முதலீட்டாளர் கய் கவாசாகி எப்போதோ சொல்லிவிட்டார் (முதலீடு கேட்டு வருபவர்களுக்குச் சொன்னது, சரி). மற்ற இரண்டும் போகட்டும், அந்த 30-ஐ மட்டுமாவது பிடித்துக்கொள்ளக் கூடாதா?

பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஓடும்போது முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் திரை கறுப்பாகிவிடும். எல்லோர் பார்வையும் பேசுபவர் பக்கம் திரும்பும். இவ்வளவு நல்ல வசதியை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. எழுத்து சுழன்று சுழன்று வரும் அனிமேஷனை மட்டும் எப்படியோ தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கடைசியில் “நேரமில்லை, இதை வேகமாகப் பார்த்துவிடலாம்” என்று ஓட்டுவார்களே, உருப்படியான விஷயம் பெரும்பாலும் அந்த ஸ்லைடுகளில்தான் இருக்கும்.