ஷார்தானின் திருக்கையை நம் சட்டியில் ஏற்றினால்

பழம், மீன், பாத்திரம் என்று அசையாப் பொருள்களை வரைந்த பழைய ஐரோப்பிய ஸ்டில் லைஃப் ஓவியங்களைப் பார்த்து வீட்டில் சமைத்துப் படம் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் கறுப்புத் துணி, ஒரு பக்க வெளிச்சம், பாதி உரித்த எலுமிச்சை என்று எல்லாம் ஜோடனையோடு நின்றுவிடுகிறது. அந்த மீன் படங்களில் பலவும் அடுப்பில் ஏறுவதற்கு முந்தைய நிலையைக் காட்டுபவை. மீன் எப்படி இருந்தது, யார் எப்படி வெட்டினார்கள், கூட என்ன கிடந்தது என்று பார்த்துச் சமைக்க வேண்டும் என்பேன். பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது; படத்திலுள்ள மீனின் உறவு வகைகள் கரைக்கு வருகின்றன.

18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஷார்தான் வரைந்த ‘திருக்கை’ பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1728-இல் பாரிஸ் ஓவிய அகாதெமி அவரைச் சேர்த்துக்கொண்டது இந்தப் படத்தையும் பார்த்துத்தான். கொக்கியில் திருக்கை தொங்குகிறது. வயிறு கிழிந்து உள்ளே இருப்பது தெரிகிறது. கீழே சிப்பிகள், அவற்றின் மேல் ஒரு பூனை, பக்கத்தில் கூஜா, கத்தி. மீனின் முகத்தில் கண்போலத் தெரிபவை மூக்குத் துளைகள். கண் மேல் பக்கம் இருக்கிறது.

அந்தக் கிழிந்த வயிறுதான் சமையற்காரருக்குப் பாடம். சுறா, திருக்கை இனத்தின் சதையில் யூரியா உண்டு. செத்தபின் பாக்டீரியா அதை அம்மோனியாவாக மாற்றும். அதனால் வாங்கின இடத்திலேயே குடல் எடுத்து, ரத்தம் வடியக் கழுவச் சொல்லுங்கள். வால் முள்ளையும் அங்கேயே நறுக்கிவிட வேண்டும். வீட்டுக்கு வரும்வரை ஐஸில் இருக்கட்டும். ஆனால் உருகிய தண்ணீரில் ஊறக் கூடாது. முகர்ந்தால் மூக்கு எரிகிறதா, வாங்காதீர்கள். லேசான வாடை என்றால் கெட்டிப் புளிக்கரைசலில் கால் மணி நேரம் போட்டுக் கழுவலாம். அம்மோனியாவைப் புளிப்பு முறிக்கும். முற்றிய வாடைக்குப் புளி போதாது.

இந்த மீனுக்கு என் முதல் வாக்கு புட்டுக்கு. அரை கிலோ இறக்கைத் துண்டு மூழ்கும் அளவு தண்ணீர், அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு. கொதி வந்ததும் தணலைக் குறைத்து எட்டு நிமிடம் போதும். தோல் உரிந்து, சதை நார்நாராகக் குருத்தெலும்பை விட்டு வழுக்கி வந்தால் பதம். மேலே போனால் குருத்தெலும்பும் தோலும் கரைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும், பிறகு உதிராது. ஆறியதும் உதிர்த்துக் கையால் பிழியுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ஈரம் நின்றால் வாணலியில் புட்டு களியாகும்.

நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. அரை டீஸ்பூன் சோம்பு, கிள்ளிய முண்டு மிளகாய் நான்கு, கறிவேப்பிலை. பிறகு பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு பத்துப் பல், இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் மூன்று. வெங்காயம் கண்ணாடியாக வந்தபின் மீனைப் போட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம், அடிபிடிக்காமல் புரட்டிக்கொண்டே. கடைசியில் ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள். உப்பை அப்போது ருசி பார்த்துப் போடுங்கள். வேகவைத்ததிலேயே பாதி ஏறியிருக்கும். தேங்காய்ப்பூ சேர்ப்பவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை, ஈரத்தைத் திருப்பிக் கொண்டுவரும். முண்டு மிளகாய் கிடைக்காத ஊரில் குண்டாக, தோல் தடித்த வேறு வற்றல் போடலாம். சம்பா வற்றல் போட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், காரம் தூக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு நிறமும் மணமும்தான் பலம்.

அடுத்து, டச்சு ஓவியர் டே ஹேமின் விருந்து மேசைகளில் சிவந்து கிடக்கும் சிங்கி இறால் (லாப்ஸ்டர்). அந்தச் சிவப்பு வெந்த சிவப்பு. உயிரோடு இருந்தபோது அது கருநீலம். ஓட்டில் புரதத்தோடு பிணைந்த நிறமியைச் சூடு விடுவிக்கிறது. நம் நீலக்கால் நண்டும் இதே கணக்குத்தான். உயிருள்ள நண்டை முதலில் ஐஸில் அரை மணி நேரம் மயக்குங்கள். நேரே சூட்டில் போட்டால் காலை உதிர்த்துவிடும், அந்த இடத்தில் தண்ணீர் புகுந்து சதை சப்பென்றாகும். வயிறு மேலே பார்க்க அடுக்கி, இட்லிப் பானை ஆவியில் 12 நிமிடம். அப்படி வைத்தால் ஓட்டுக்குள் இருக்கும் சாறு வழியாது. தொட்டுக்கொள்ள எலுமிச்சையும் கல்லுப்பும் வைத்தால் போதும், மசாலா வேண்டாம்.