கிலோமீட்டர் குறைவு என்றால் இன்ஜின் புதுசா?

‘நின்றபடி இன்ஜின் ஓடினால் தேய்மானமே இல்லை, செகண்ட் ஹேண்ட் வண்டிக்குக் கிலோமீட்டர் பார்த்தால் போதும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) 800 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு மணி நேரத்தில் இன்ஜினின் கிராங்க் தண்டு 48,000 முறை சுற்றிவிடும். கிலோமீட்டர் காட்டும் ஓடோமீட்டரோ அசையாது. டீசல் என்றால் இன்னும் மோசம்: போதிய சூடு ஏறாமல், எரியாத டீசல் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும், கரியும் சேரும். அமெரிக்கப் போலீஸ் ரோந்து கார்களில் ஒரு மணி நேர ஐடிலிங்கைச் சுமார் 53 கி.மீ. ஓட்டமாகக் கணக்கிடச் சொல்கிறது ஃபோர்டு.

இன்ஜின் ஓடிய மொத்த நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் இருந்தால் கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பாருங்கள். 50,000 கி.மீ., 2,500 மணி என்றால் சராசரி வேகம் 20தான். வண்டி நின்றே நிறைய ஓடியிருக்கிறது, இல்லையென்றால் டவுன் நெரிசலில் ஊர்ந்திருக்கிறது. அதற்காக மணிக்கணக்கே வேதவாக்கும் இல்லை. லோடு இழுத்த ஒரு மணியும் சும்மா நின்ற ஒரு மணியும் ஒன்றா என்ன? ஆயில் மாற்றிய பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.