கஞ்சியோடு நண்டும் சேரட்டும்

சிறு குழந்தைகளின் உணவு பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், கேழ்வரகிலும் கம்பிலும் துத்தநாகம் (ஜிங்க் என்னும் தாதுச்சத்து) இருப்பதால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அவற்றின் கஞ்சியே போதும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பது பாதி உண்மையே. தானியத்தில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் குடலில் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுப்பதால், மாவில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் உதவாது. தீட்டிய வெள்ளை அரிசியில் பைட்டேட் குறைவுதான்; துத்தநாகமும் குறைவு. தானியத்தை ஊறவைத்து முளைகட்டி அரைப்பதும், கூழுக்கு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவிடுவதும் பைட்டேட்டின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடும். பாக்கெட் சத்துமாவை வெந்நீரில் கரைத்தால் இது நடப்பதில்லை.

எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் இதைவிட நேரான வழி உண்டு. நண்டுச் சதையில் துத்தநாகம் மிகுதி. மீன், நண்டு ஆகியவற்றின் புரதம் உடன் உண்ணும் தானியத்தின் துத்தநாகமும் உடலில் சேர உதவுகிறது. ஆனால் தொண்டியிலும் மண்டபத்திலும் நல்ல நண்டு ஏற்றுமதிக்குப் போக, குழந்தையின் தட்டுக்குப் பெரும்பாலும் குழம்பு மட்டுமே வருகிறது (காரம் வேறு!). முள் நீக்கிய மீனையோ உதிர்த்த நண்டுச் சதையையோ சோற்றில் பிசைந்து ஊட்டலாம்.

வயிற்றுப்போக்கின்போது துத்தநாகம் உடலிலிருந்து வெளியேறுவதைக் கட்டுரை தொடவே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் பரிந்துரைத்தபடி, ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு நாளுக்கு 20 மி.கி. துத்தநாகத்தை 10 முதல் 14 நாள் வரை, போக்கு நின்ற பிறகும் நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி கொடுக்க வேண்டும்.