தூங்கும் அறையின் ஜன்னல்

மகளை டே கேரில் சேர்த்த புதிதில் ஒருநாள், கூட்டிவர வழக்கத்தைவிட முன்னாலேயே போய்விட்டேன். மதியத் தூக்க நேரம். ஜன்னல்கள் சாத்தி, திரையும் இழுத்துவிட்டிருந்த அறையில் பதினான்கு குழந்தைகள். ஏசி ஓடியது, குளிர்ச்சிக்குக் குறையில்லை. ஆனால் கதவைத் திறந்ததும் பால், டயபர், வியர்வை, அவற்றின் மேல் அடித்த ரூம் ஸ்ப்ரே எல்லாம் கலந்து ஒரு வாடை. ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன், வாடை போய்விட்டது. போனது வாடை இல்லை, என் மூக்கு பழகிவிட்டது. நாள் முழுக்க அங்கேயே இருக்கும் மிஸ்ஸுக்கு அது எப்படித் தெரியும்?

அப்புறம் ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கி, அவர்களிடம் சொல்லிவிட்டே அந்த அறை அலமாரியில் வைத்தேன். காலையில் 700, 800 என்று தவழ்ந்த கோடு, ஒரு மணிக்குக் கதவு சாத்தியதும் ஏற ஆரம்பித்து 2,400 பிபிஎம்மைத் தொட்டிருந்தது. பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு. கதவு திறந்த மூன்று மணிக்குத்தான் இறக்கம்.

வெளிக்காற்றில் இது சுமார் 420. நாம் விடும் மூச்சில் கிட்டத்தட்ட 40,000. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,400 இருக்கும் அறையில் ஒரு குழந்தை இழுக்கும் காற்றில் இருபதில் ஒரு பங்கு, ஏற்கெனவே யாரோ மூச்சாக விட்டது. இந்த அளவு கார்பன் டை ஆக்சைடு விஷமில்லை. அறைக்குள் காற்று மாறவில்லை என்று காட்டிக்கொடுக்கும் சாட்சி, அவ்வளவுதான். ஜெர்மானிய மருத்துவர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே இதைச் சொல்லி, 1,000 பிபிஎம்மை எல்லையாக வைத்தார். அந்த மூச்சோடு வரும் கிருமிகளும், புது பெயின்ட், பிளைவுட், பாய் இவற்றிலிருந்து கசியும் வாயுக்களும் போக வழியில்லாமல் அங்கேயே தங்குகின்றன. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுப்பவர்கள். நுரையீரலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. விளையாடுவது, படுப்பது எல்லாமே தரையோடு.

மிஸ்ஸிடம் கேட்டேன். “ஜன்னலைத் திறந்தா சளி பிடிச்சுக்கும்னு நீங்கதானே சார் சொல்றீங்க” என்றார். என்ன பதில் சொல்வது? உண்மைதான். குற்றவாளிகள் நாம். சேர்க்கும்போதே “ஏசி ரூம்தானே?” என்று கேட்கிறோம். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், வெளியிலிருந்து ஒரு மூச்சுக்கூட எடுக்காது. சளிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துகிறோம், சாத்திய அறையில்தான் ஒரு குழந்தையின் சளி எல்லோருக்கும் போகிறது.

ஏர் ப்யூரிஃபையர் வைத்துவிட்டால் போதாதா என்று ஒரு அப்பா கேட்டார். நல்ல ஹெப்பா ஃபில்டர் தூசியையும் கிருமித் துகள்களையும் பிடிக்கும்; சாலைப் புகை அடிக்கும் இடத்தில் அது வேண்டும்தான். ஆனால் கார்பன் டை ஆக்சைடை அது குறைக்காது. ஓசோன் விடும் கருவி என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், குழந்தை நுரையீரலுக்கு அது நேரடிக் கெடுதல். ரூம் ஸ்ப்ரேயை அதற்கும் முன்னால் தூக்கிப் போடலாம்.

பிரான்ஸில் 2018 முதல் குழந்தைகள் காப்பகங்களில் உட்புறக் காற்றைக் கண்காணிப்பது சட்டப்படி கட்டாயம். சட்டம் இல்லாத இடத்தில் பெற்றோர் கேட்க வேண்டும். சிசிடிவி இருக்கிறதா என்று கேட்கும் அதே வாயால்தான். ஜன்னல் திறந்தால் ஏசி கூடுதலாக ஓடும், கரன்ட் பில் ஏறும். அதில் ஒரு பங்கை நாமும் ஏற்க வேண்டும், மிஸ் தலையில் கட்டக் கூடாது.

இப்போது அந்த அறையில் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் நான்கு விரல் அளவு திறந்திருக்கின்றன. போன வாரம் மீட்டர் 1,000-ஐத் தாண்டவில்லை. ஜன்னலோரப் பாயை மட்டும் மிஸ் ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறார். சரி, அது அவர் விருப்பம்.