சிறிய கைத்துப்பாக்கிக்கு எண்ணெய் அளவோடு போதும்

சட்டைப்பைக்குள் அடங்கும் கைத்துப்பாக்கிகளுக்கு எந்த எண்ணெயையும் தாராளமாக விடலாம் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. ரூகர் எல்சிபி போல உடலோடு ஒட்டி எடுத்துச் செல்லப்படும் சிறிய துப்பாக்கிகளில், மிகுதியான எண்ணெய் துணித்தூசியையும் எரியாத வெடிமருந்துத் துகள்களையும் பிடித்துக்கொண்டு பசையாகிவிடும். அது, தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் இறங்கினால், பின்னின் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமலே போகலாம். க்ளாக் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் கையேடும் அந்தத் துளையில் எண்ணெய் கூடாது என்றே சொல்கிறது. 1953இல் நீரை விலக்குவதற்காக உருவாக்கப்பட்ட டபிள்யூடி-40 என்ற தெளிப்புத் திரவத்தை நீடித்து நிற்கும் மசகாக நம்புவதும் சரியன்று. தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றி, சுடுவதற்குத் தோட்டா அமரும் அறை காலியாக உள்ளதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகு, சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு உராயும் தடங்களிலும் பேரலின் (குழலின்) வெளிப்புறத்திலும் ஒரு துளி தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். கடுங்குளிர்ப் பகுதிகளில் கிரீஸ் கெட்டிப்பட்டு ஸ்லைடின் வேகத்தைக் குறைக்குமாதலால், அங்கே மெல்லிய எண்ணெயே ஏற்றது.