150 கோடி யென் கடனும் ஒரு ரோஸ் கலர் உருண்டையும்

தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி விளையாடிய அந்தப் பெட்டி நினைவிருக்கிறதா? கேசட் மேல் '9999 இன் 1' என்று ஸ்டிக்கர் இருக்கும், உள்ளே தேடினால் இருபது கேம்தான் தேறும். படம் வராவிட்டால் கழற்றி வாயால் ஊதிச் செருக வேண்டும். மரியோவும் கான்ட்ராவும் அண்ணன்மார் கைக்குப் போய்விடும். எனக்கு மிஞ்சியது பலூன் ஃபைட். முதுகில் இரண்டு பலூனைக் கட்டிக்கொண்டு பறந்து எதிராளியின் பலூனை உடைக்க வேண்டும். கொஞ்சம் தாழப் பறந்தால் தண்ணீரிலிருந்து ஒரு மீன் எழும்பி ஆளையே கவ்விக்கொண்டு போய்விடும். அந்த மீன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அதற்கு ப்ரோகிராம் எழுதியவர் சதோரு இவாதா, அவர் வேலை பார்த்த இடம் ஹால் லேபரட்டரி என்ற ஜப்பானிய கேம் கம்பெனி என்பதெல்லாம் ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்புறம் படிக்கப் படிக்க, கேம்களை விட அந்தக் கம்பெனி மூழ்கிப் பிழைத்த கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஹால் தொடங்கியது 1980இல். தோக்கியோ இகெபுகுரோவில் ஒரு பெரிய கடையின் கம்ப்யூட்டர் பிரிவில் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருந்த பையன்களில் இவாதாவும் ஒருவர். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் சொந்தமாகக் கம்பெனி வைக்க, கல்லூரி மாணவரான இவர் பகுதிநேர வேலைக்குப் போனார். ஐ.பி.எம். என்ற மூன்று எழுத்துக்கும் ஆங்கில வரிசையில் ஒவ்வோர் எழுத்து முன்னால் போனால் வருவதுதான் ஹால். பத்துப் பேர்கூட இல்லாத கம்பெனிக்கு அந்தக் குறும்பு பிடித்திருந்தது. 1982இல் படிப்பு முடிந்ததும் இவாதா அங்கேயே முழுநேரமாகச் சேர்ந்துவிட்டார். முரோரான் நகர மேயராக இருந்த அவருடைய அப்பா ஆறு மாதம் மகனோடு பேசவே இல்லையாம். நம் வீடுகளில் என்றால் ஆறு மாதத்தோடு முடிந்திருக்காது.

நின்டென்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் பெட்டி 1983இல் வந்தபோது அதன் சிப் இவாதாவுக்கு ஏற்கெனவே அத்துப்படி. நேரே போய் வேலை கேட்டார்கள், கிடைத்தது. பின்பால், கோல்ஃப், பலூன் ஃபைட் எல்லாம் அப்படி வந்தவை. கோல்ஃப் கேமை மற்றவர்கள் ஏற்கவில்லை: 18 குழிகளையும் அந்தத் துக்கடா மெமரிக்குள் அடைக்க முடியாது என்றார்கள். இவாதா சுருக்கி மடித்து அடைத்துவிட்டார். பலூன் ஃபைட்டில் ஆள் வழுக்கிக்கொண்டு பறப்பதற்காக, புள்ளிக்குப் புள்ளி தாவாமல் தசமத்தில் கணக்குப் போட்டு நகர்த்தினார். அந்த வித்தையை மரியோவின் ப்ரோகிராமர் கேட்டுத் தெரிந்துகொண்டார். மரியோ தண்ணீருக்குள் நீந்தும் கட்டத்தில் இருப்பது அதுதான்.

திறமைக்கு இப்படிக் குறைவே இல்லை. ஆனாலும் 1992இல் ஹால் கவிழ்ந்தது. யமனாஷியில் கட்டிய புதிய இடம், வருடக்கணக்கில் இழுத்துப் போட்ட செலவை எடுக்காத மெட்டல் ஸ்லேடர் குளோரி என்ற கேம் என்று காரணங்கள் சொல்வார்கள். கடன் 150 கோடி யென்.

நின்டென்டோ தலைவர் ஹிரோஷி யமாவுச்சி கை கொடுக்க ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு: இவாதாதான் தலைவராக வேண்டும். 1993இல் அவருக்கு வயது 33. ப்ரோகிராமர். நிர்வாகம் செய்து பழக்கமில்லை.

என் கருத்து இங்கேதான் தொடங்குகிறது. இவாதா ஊழியர்கள் எல்லோரையும் ஒருவர் விடாமல் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார். எண்பது தொண்ணூறு பேர். வருடத்துக்கு இரண்டு முறை. சிலரோடு மூன்று மணி நேரம்கூட ஓடியிருக்கிறது. வேலை எப்படி இருக்கிறது, எது எரிச்சலாக இருக்கிறது, எதைச் செய்ய ஆசை என்று கேட்பது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது இப்படி உட்கார்ந்து பேச எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நிலைமை மோசமானபோது எங்களுக்கு வந்தது ஒரு பதினைந்து நிமிட மீட்டிங் அழைப்பு. அதில் பேசியவரும் எங்கள் பெயரைத் திரையைப் பார்த்துத்தான் வாசித்தார்.

சரி, பேசியே 150 கோடி அடைந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. இவாதாவைச் சாமியாக்கிக் கும்பிடும் பதிவுகளில் நான் ஒத்துப்போகாத இடம் அதுதான். யமாவுச்சியின் பணபலம் பின்னால் இல்லாவிட்டால் ஹால் கதை அன்றோடு முடிந்திருக்கும். இன்னொரு தூண் கிர்பி, அதாவது தலைப்பில் சொன்ன உருண்டை. பதின்வயதிலேயே ஹாலில் சேர்ந்த மசாஹிரோ சகுராய், கேம் பழகாதவர்களும் முடிக்கும்படி ஒன்று செய்ய நினைத்தார். உருவம் பிறகு வரைந்துகொள்ளலாம் என்று தற்காலிகமாக ஓர் உருண்டையை வைத்தவர், பார்த்துப் பார்த்து அதையே பிடித்துப்போய் விட்டுவிட்டார். வேறு பெயரில் விளம்பரம் வரை போய் 26,000 ஆர்டர்தான் வந்தது. மரியோவை உருவாக்கிய நின்டென்டோவின் மியாமோட்டோ, இதை இப்படியே விடுவது வீண் என்று நிறுத்தச் சொன்னார். அறிவித்த கேமை நிறுத்துவது சின்ன அவமானமில்லை. ஆனால் திருத்தி 1992இல் கிர்பி என்று விட்டதும் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. (அது ரோஸ் கலர் என்பது சகுராய்க்கு மட்டும்தான் தெளிவு. அது ஓடிய கேம் பாய் என்ற கையடக்கப் பெட்டியில் கலரே கிடையாது. அமெரிக்கப் பெட்டியில் வெள்ளையாகவே அச்சடித்துவிட்டார்கள்.)

அப்படியென்றால் அந்தப் பேச்சுக்கு என்ன பலன்? யாரால் என்ன முடியும் என்று தலைவருக்கே தெரிந்திருந்தது. நாலு வருடமாக இழுபறியில் கிடந்த மதர் 2 கேமைப் பார்க்கக் கூப்பிட்டபோது அவர் சொன்னது பிரபலம்: இருப்பதையே சரிசெய்தால் இரண்டு வருடம் ஆகும், புதிதாக ஆரம்பித்தால் ஆறு மாதம் போதும். 1994இல் அது கடைக்கு வந்தது. சகுராய் ஒரு சண்டை கேம் யோசித்தபோது, தலைவர் நாற்காலியில் இருந்துகொண்டே வார இறுதிகளில் உட்கார்ந்து அதற்கு ப்ரோகிராம் எழுதியவரும் இவாதாதான். 1999இல் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸாக வந்தது அதுவே. அந்த வருடமே கடனும் தீர்ந்தது. ஆறு வருடம்.

2000இல் இவாதா நின்டென்டோவுக்குப் போனார், 2002இல் அங்கே தலைவரானார். வியாபாரம் படுத்த 2014இல் ஆட்களைக் குறைக்காமல் தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார். ஒரு ஹிட் கேம் கொடுத்த கையோடு ஸ்டுடியோவை மூடுகிற இந்தக் காலத்தில் இதை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த முடிவு 1993இலேயே, அந்த மூன்று மணி நேரப் பேச்சுகளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது என்றுதான் தோன்றுகிறது. ஆளை நன்றாகத் தெரிந்துவிட்டால் பட்டியலில் பெயரைக் கோடு போட்டு அடிப்பது கஷ்டம்.

2015 ஜூலை 11 அன்று, 55 வயதில், இவாதா போய்விட்டார். 2017இல் நின்டென்டோவின் ஸ்விட்ச் கேம் பெட்டி வந்தபோது அதற்குள் ஒரு விஷயம் ஒளிந்திருந்ததைச் சிலர் கண்டுபிடித்தார்கள். தேதி ஜூலை 11 ஆக இருக்கும்போது, இவாதா வீடியோக்களில் வழக்கமாகச் செய்த கை அசைவை இரண்டு கன்ட்ரோலர்களையும் பிடித்துக்கொண்டு செய்ததும் ஒரு பழைய கேம் திறந்தது. 18 குழிகள் கொண்ட அந்த கோல்ஃப்.