பட்டியல் வரும் முன்பே டிக்கெட் வாங்குகிறவனின் கட்சி

நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் ஒவ்வோர் ஏப்ரலும் நடக்கும் ரோட்பர்ன் இசைவிழாவுக்கு முந்தைய ஆண்டே டிக்கெட் விற்பனை தொடங்கிவிடும். அந்த நேரத்தில் யார் யார் வாசிக்கிறார்கள் என்ற பட்டியல் பாதிகூட வெளிவந்திருக்காது. நான்கு நாள் டிக்கெட் இருநூறு யூரோவைத் தாண்டும். இதை அலுவலகத்தில் யாரிடமாவது சொன்னால், "யாருன்னே தெரியாம எப்படிங்க வாங்குறீங்க?" என்று கேட்பார்கள். முழுப்பட்டியல் வந்த பிறகும் அதில் முக்கால்வாசிப் பெயர்களை நான் கேள்விப்பட்டிருக்க மாட்டேன், எனவே காத்திருந்து என்ன பயன்? நான் காசு கொடுப்பது அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுக்கிறவரின் காதுக்கு. கனமான, சோதனை முயற்சியான இசைக்கென்று நடக்கும் சுயாதீன விழாக்கள் பிழைத்துக் கிடப்பதே இப்படி முன்கூட்டி நம்பி வாங்குகிற ஒரு சிறு கூட்டத்தால்தான் என்பது என் கட்சி. "பட்டியல் வரட்டும், பார்த்துக்கலாம்" என்கிற நண்பர்களோடு எனக்குச் சண்டையும் அதில்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ரோட்பர்ன் முதலில் ஒரு இணைய இதழ். வால்டர் ஹூய்மாக்கர்ஸ், யூர்கன் ஃபான் டென் பிராண்ட் என்ற இரண்டு பேர் ஸ்டோனர் ராக், சைகெடெலிக் என்ற கனமான, மயக்கும் ராக் வகைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதிய குழுக்களை மேடையில் ஏற்றிப் பார்க்கலாமே என்று 1999-இல் தொடங்கியது விழா. மையம், 013 என்ற அரங்கம். டில்பர்க்கின் எஸ்டிடி எண்தான் அரங்கத்தின் பெயர். பெரிய கூடத்தில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் நிற்கலாம். அதைச் சுற்றி நடக்கும் தூரத்தில் சின்னச் சின்ன இடங்கள்: ஒரு ஜாஸ் கிளப், ரயில்வே பணிமனையாக இருந்த கூடம், ஸ்கேட்போர்டு விளையாடும் கொட்டகை. அரங்கத்தை ஒட்டிய தெருவுக்கு விழாவுக்கு வருகிறவர்கள் 'வியர்டோ கேன்யன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கிறுக்கர்கள் பள்ளத்தாக்கு. நான் ஐந்தோவனில் குடியிருக்கிறேன். ரயிலில் அரை மணிக்குள் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம் என்பது இந்த ஊரில் வீடு பார்த்ததன் எதிர்பாராத லாபம்.

இந்த விழா வேறு மாதிரி என்று நான் சொல்வதற்கு முதல் காரணம், 2008-இலிருந்து அவர்கள் கடைப்பிடித்த ஒரு வழக்கம். அந்த வருடம் கரண்ட் 93 குழுவின் டேவிட் டிபெட்டை அழைத்து, ஒரு பகுதி நிகழ்ச்சியை நீங்களே அமையுங்கள் என்று ஒப்படைத்தார்கள். அடுத்த வருடம் நியூரோஸிஸ். பிறகு டாம் வாரியர், சன் ஓ, வோய்வோட், ஓபெத்தின் மைக்கேல் ஓகர்ஃபெல்ட் என்று 2019 வரை வரிசையாகப் போனது. இசைக்கலைஞர் ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது தனக்கு முன்னோடியாக இருந்த, எல்லோரும் மறந்துபோன ஒருவரைக் கூப்பிடுவார். தன்னைவிட இருபது வயது இளையவரையும் கூப்பிடுவார். டிக்கெட் விற்பனைக் கணக்குப் பார்க்கிற ஒரு முகவர் அந்த இரண்டு பெயர்களையும் முதல் ஐந்து நிமிடத்திலேயே அடித்துவிடுவார்.

இதன் உச்சம் என்று நான் நினைப்பது 2019 ஏப்ரல் 12. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட் என்ற மெட்டல் குழு 1987-இல் வெளியிட்ட ஆல்பத்தில் 'ரெக்ஸ் ஐரே' என்று ஒரு பாடல் உண்டு. மூன்று பாகமாகத் திட்டமிட்ட ஓர் இரங்கல் இசையின் முதல் பாகம் அது. மூன்றாம் பாகம் பத்தொன்பது வருடம் கழித்து 2006-இல் 'மொனோதீஸ்ட்' ஆல்பத்தின் கடைசியில் வந்தது. நடுப்பாகம் வரவே இல்லை. குழு கலைந்தது. அதன் தூண்களில் ஒருவரான மார்ட்டின் எரிக் ஐன் 2017-இல் காலமானார். மிச்சமிருந்த டாம் வாரியர் ட்ரிப்டிகான் என்ற வேறு குழுவை நடத்திக்கொண்டிருந்தார். ரோட்பர்ன் அவரை வைத்து அந்த நடுப்பாகத்தை எழுத வைத்தது. நெதர்லாந்தின் மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்து மூன்று பாகத்தையும் ஒரே மூச்சில் மேடையேற்றியது. முதல் பாகத்துக்கும் முடிவுக்கும் இடையே முப்பத்திரண்டு வருடம்.

நடுப்பாகம் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் மெதுவானது, இடைவெளிகள் நிறைந்தது. மூவாயிரம் பேர், பெரும்பாலும் கறுப்புச் சட்டை, கையில் பீர், ஒருவர்கூட இருமவில்லை. எனக்கு அந்த இசை முழுக்கப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன், நடுவில் சில இடங்களில் நீளம் தெரிந்தது. ஆனால் அப்படி ஒரு வேலை நடந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விழா இல்லாவிட்டால் அது எழுதப்பட்டிருக்காது. ஏற்கெனவே இருப்பதை மேடையில் காட்டுவது ஒரு வேலை, இல்லாததை உண்டாக்க வைப்பது வேறு வேலை. இரண்டாவதற்குத்தான் முன்பணம் தேவைப்படுகிறது, அந்த முன்பணம் என்னைப் போன்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற டிக்கெட்டிலிருந்து வருகிறது.

சென்னை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நம்ம மார்கழி சீசன் மாதிரிதானே" என்றார். கையில் அட்டவணையோடு ஒரு கூடத்திலிருந்து இன்னொரு கூடத்துக்கு ஓடுவது, நடுவில் அவசரமாகச் சாப்பிடுவது, 'அங்க இன்னிக்கு அசத்திட்டாராம்' என்று தவறவிட்டதற்குப் புலம்புவது எல்லாம் அச்சு அசலாக அப்படியே. ஆனால் எந்தச் சபா ஒரு வித்வானைக் கூப்பிட்டு, நீங்கள் பாதியில் விட்டதை முடியுங்கள், பக்கவாத்தியச் செலவு எங்களுடையது என்று சொல்கிறது? நடந்திருக்கலாம், அரிதாக. சீசன் டிக்கெட் வாங்குகிற மாமாவும் மாமியும் போன வருடம் கேட்டதையே இந்த வருடமும் கேட்கத்தான் வருகிறார்கள். அதில் தப்பில்லை. பக்தி வேறு, ஆர்வக்கோளாறு வேறு.

நடத்துகிறவர்கள் பக்கத்துக்கு வருகிறேன். நான் சில நண்பர்களோடு சேர்ந்து இங்கே சின்னக் கச்சேரிகளுக்கு உதவுகிறேன். பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் தூக்குவது, கதவில் நிற்பது, சமைப்பது. இந்த உலகில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பெரிய விழாக்களின் மேல் உங்களுக்கு மரியாதை கூடும். நூற்றைம்பது பேர் கொள்ளும் கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் பதினைந்து யூரோ. கூடம் நிரம்பினால் 2250 யூரோ. அதில் விற்பனை வரி, பாடல் உரிமைக் கட்டணம், ஒலிப் பொறியாளர், கூட வாடகை எல்லாம் போக, சுற்றுப்பயணத்தில் வரும் இரண்டு குழுக்களுக்கு முன்பே ஒப்புக்கொண்ட தொகை கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்கு ராத்திரிச் சாப்பாடு, படுக்க இடம், காலையில் காபி. பார் வருமானம் பெரும்பாலும் கூடத்துக்காரருக்கு. நிரம்பினால் கையைக் கடிக்காது, அவ்வளவுதான். எண்பது பேர் வந்தால் அமைப்பாளர் தன் சம்பளத்திலிருந்து போடுகிறார்.

இதில் மிகக் கொடுமையானது பணம்கூட இல்லை, கடைசி வாரம் வரை டிக்கெட் நகராமல் இருப்பது. நிகழ்ச்சிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை முப்பது டிக்கெட் போயிருக்கும், வெள்ளிக்கிழமை கதவில் தொண்ணூறு பேர் வந்து நிற்பார்கள். அந்த மூன்று நாளில் அமைப்பாளருக்கு வயிறு கலங்கும். ரத்து செய்யலாமா, சின்னக் கூடத்துக்கு மாற்றலாமா, இரண்டாவது குழுவிடம் தொகையைக் குறைக்கச் சொல்லலாமா? கதவில் காசு கொடுத்தவர் நல்லவர்தான், ஆனால் அவர் செவ்வாய்க்கிழமை வாங்கியிருந்தால் ஒருவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் குழுக்களில் பாதிப் பேர் வீகன். மேடையில் நரக ஓலம் எழுப்புகிறவர் பால் சேர்த்த காபியைத் தொடமாட்டார். அவர்களுக்கு நெய் போடாத சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எத்தனை பெரிய வரம் என்பதை வேனில் வாரக்கணக்கில் ஹம்முஸ் தின்று வந்தவர்களின் முகத்தில்தான் பார்க்க வேண்டும்.

சரி, நம்பி வாங்கு என்று சொல்கிறேனே, நம்பிக்கை மோசம்போன கதை இல்லையா? இருக்கிறது, இந்த வட்டாரத்திலேயே மிகப் பிரபலமான கதை. இங்கிலாந்தின் ஆல் டுமாரோஸ் பார்ட்டீஸ் என்ற இசைவிழா, 1999-இல் கடலோர விடுமுறை முகாம் ஒன்றில் நடந்த ஒரு வாரக்கடைசிக் கூடலிலிருந்து முளைத்தது. ஒரு குழுவிடம் முழு நிகழ்ச்சியையும் ஒப்படைப்பது என்ற வழக்கத்தைப் பரவலாக்கியதே அவர்கள்தான். 2012-இல் அந்த நிறுவனம் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது. வேறு நிறுவனமாகத் தொடர்ந்து, 2016-இல் நிரந்தரமாக மூடியது. வர இருந்த ஐஸ்லாந்து விழா கடைசி நேரத்தில் ரத்தானது. டிக்கெட் வாங்கியவர்களும் வாசிக்க வேண்டியவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள். அற்புதமான காது இருந்தது, கணக்குப்பிள்ளை இல்லை. எனவே என் நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. ஒரே அளவில் வருடக்கணக்காக நடக்கிற விழாவுக்குக் கண்ணை மூடிக் கொடுப்பேன். ஒரே வருடத்தில் மூன்று நாட்டில் கிளை திறக்கிற விழாவுக்கு, காது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கொஞ்சம் பொறுத்துத்தான்.

பெரிதாக வளர ஆசைப்படுகிறவர்களுக்கு இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது, விற்றுவிடுவது. 2024-இல் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம், எண்பதுக்கும் மேற்பட்ட விழாக்களைக் கையில் வைத்திருந்த சூப்பர்ஸ்டிரக்ட் நிறுவனத்தை வாங்கியது. பார்சிலோனாவின் சோனார் விழாவும் அந்தக் கூடையில் ஒன்று. கேகேஆரின் இஸ்ரேல் தொடர்பான முதலீடுகளைக் காரணம் காட்டி 2025-இல் பல கலைஞர்கள் அங்கிருந்து விலகினார்கள். அந்த விழாவின் நிகழ்ச்சி அமைப்பாளர்கள் பாவம், அவர்கள் ரசனை அப்படியேதான் இருந்தது, முதலாளி மட்டும் மாறிவிட்டார். சுயாதீனம் என்று நாம் பேசுவது கடைசியில் இந்தச் சாதாரணக் கேள்விதான்: யார் கையெழுத்துப் போட்டால் சாவி கைமாறும்?

அரசாங்கமும் சும்மா இருப்பதில்லை. இங்கே நெதர்லாந்தில் 2024-இல் வந்த கூட்டணி அரசு, கலை நிகழ்ச்சிகளுக்கான விற்பனை வரியை 9 சதவீதத்திலிருந்து 21-ஆக உயர்த்தப் போவதாக அறிவித்தது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு 2025-இல் அதைக் கைவிட்டார்கள். ஆனால் விடுதி அறைகளுக்கான உயர்வு 2026 ஜனவரியில் அமலுக்கு வந்துவிட்டது. ரோட்பர்னுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். டிக்கெட் விலையைக் காப்பாற்றி அறை விலையை ஏற்றினால் அவர்களுக்கு என்ன வித்தியாசம்?

ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. நான் இந்த மாதிரி இசையை முதலில் நேரில் கேட்டது அடையாறு அன்வைண்ட் சென்டரில், ஜூன் ராக் அவுட் என்ற ராக் விழா நாட்களில். கல்லூரிப் பையன்கள், கடன் வாங்கிய கிதார், வியர்வை. அந்த அளவிலேயே சென்னையில் எத்தனையோ முளைத்து அடங்கின. பெங்களூர் ஓப்பன் ஏர் என்ற மெட்டல் விழா 2012-இல் தொடங்கி இன்னும் நிற்கிறது என்றால் அது சாதனைதான். நம் நாட்டில் ராக் விழாக்களுக்குப் பெரும் பணம் நெடுங்காலமாக மது நிறுவனங்களிடமிருந்து வந்தது. நேரடி விளம்பரத்துக்குத் தடை என்பதால் சோடா, இசைத்தட்டு என்ற பெயரில் அவர்கள் மேடை பிடித்தார்கள். அந்தப் பணத்துக்குப் பெரிய கூட்டம் வேண்டும், பெரிய கூட்டத்துக்குத் தெரிந்த பெயர்கள் வேண்டும். கேள்விப்படாத குழுவைக் கேட்க முந்நூறு பேர் தங்கள் காசில் வருவார்கள் என்ற பழக்கம் உருவாகவே இடம் கிடைக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன், மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால் தீர்ந்தது.

ரோட்பர்னைக் கோயிலாக்கவும் எனக்கு விருப்பமில்லை. கூட்டத்தைப் பார்த்தால் வெள்ளைக்கார, நடுத்தர வயது ஆண்களே அதிகம். என் தோல் நிறத்தில் யாரையாவது கண்டால் இருவரும் தலையசைத்துக்கொள்வோம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஊரிலிருந்து ஒரு நண்பரை வரவழைப்பதென்றால் விசா, விமானம் எல்லாம் சேர்த்து டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. சின்ன அரங்குகள் சீக்கிரம் நிரம்பிவிடும், வெளியே வரிசையில் நிற்கும்போது உள்ளேயிருந்து டிரம்ஸ் மட்டும் கேட்கும். சமீப வருடங்களில் ஹிப் ஹாப், எலெக்ட்ரானிக் என்று எல்லை விரிந்ததில் பழைய ஆட்களுக்கு வருத்தம். எனக்கு அதில் வருத்தமில்லை, ஆனால் லேப்டாப்புக்கு முன் குனிந்து நிற்பதே கனம் என்று நம்புகிற சிலரை இன்னும் கொஞ்சம் வடிகட்டலாம்.

அடுத்த ஏப்ரலுக்கு யாராவது யோசிக்கிறீர்கள் என்றால்: தங்குவதற்கு டில்பர்க்கிலேயே தேடாதீர்கள், ஐந்தோவன், பிரெடா இரண்டும் பக்கம்தான். கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள். காதடைப்பான் கட்டாயம். இங்கே அரங்குகள் ஒப்புக்கொண்ட உச்சவரம்பே பதினைந்து நிமிடச் சராசரியில் 103 டெசிபல், மருந்துக்கடை பஞ்சு அதற்குப் போதாது. இங்கே நாங்கள் நடத்துகிற அடுத்த சின்னக் கச்சேரியின் விவரம் இந்த வாரம் போடுகிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் வாங்குகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலில் பங்கு உண்டு.